வாங்க, காபி குடிச்சுக்கிட்டே பேசலாம்!



வாரக் கூட்டம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வருகைப் பதிவு, சேமிப்பு, கடன் வசூல், தீர்மானம், கையெழுத்து. எல்லாம் முடிவதற்குள் தலை கிறுகிறுத்துப் போகிறது. அதனால்தான் நம் மலைக் குழுக்கள் பலவற்றில் நடுவில் 10 நிமிடம் காபிக்கு என்று விடுகிறோம். அந்தப் 10 நிமிடத்தில் என்ன பேசுகிறோம்? யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் சண்டை, இதுதான். தப்பில்லை. ஆனாலும் வாரா வாரம் அதையே பேசினால் சலிப்புத் தட்டும் இல்லையா?

சென்ற மாதம் நாகலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். காபி வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எங்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

"நாப்பது வருசமா காபிப் பழம் பறிக்கிறேனுங்க. இந்தச் செடி நம்ம மலையிலேயே மொளச்சதா, இல்ல யாராச்சும் கொண்டாந்து வெச்சாங்களா? இன்னொண்ணு. நாம பறிக்கிற காபியத்தான் நாம குடிக்கிறமா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் கையில் எடுக்கிற பொருளைப் பற்றி நமக்கு யாருமே சொல்லித் தந்ததில்லையே என்றுதான் தோன்றியது. அதன் பிறகு நூலகத்திலும் இணையத்திலும் தேடினோம். கிடைத்ததை இங்கே எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் காபி நேரத்தில் ஒரு பகுதியை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

காபியின் தாய்வீடு எது?

ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா என்று ஒரு நாடு. அந்த நாட்டு மலைக்காடுகள்தான் காபிச் செடியின் தாய்வீடு. அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். கால்டி என்று ஓர் ஆடு மேய்க்கும் பையன். ஒருநாள் அவனுடைய ஆடுகள் ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டுத் துள்ளிக் குதித்தன. ராத்திரியிலும் தூங்கவில்லை. பையனும் தின்று பார்த்தான், அவனுக்கும் உற்சாகம் வந்தது. இது கதைதான், வரலாறு இல்லை. ஆனால் ஆடு வளர்க்கிற நமக்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது. நம்ம வெள்ளாடு எதைத்தான் விட்டுவைக்கும்!

எத்தியோப்பியாவிலிருந்து கடல் தாண்டி ஏமன் நாட்டுக்குக் காபி போனது. சுமார் 550 ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த சூபி ஞானிகள் இரவில் கண் விழித்து இறைவனைத் தொழுவதற்காகக் காபி குடித்தார்கள். அரபு நாட்டு வழியாக உலகுக்குத் தெரிந்ததால் 'அரபிகா' என்று பெயர் வந்தது. நம் சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் இந்த அரபிகாதான்.

ஏழு விதை வந்த கதை

அரபு வியாபாரிகள் முளைக்கக்கூடிய காபி விதையை வெளியே விடமாட்டார்களாம். விதை வெளியே போனால் வியாபாரம் கைவிட்டுப் போய்விடும் அல்லவா? 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூபி ஞானி மெக்கா யாத்திரை போய்விட்டுத் திரும்பும்போது ஏழு விதைகளை மறைத்து எடுத்து வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த விதைகளை அவர் கர்நாடகத்தில் சிக்மகளூருக்குப் பக்கத்து மலையில் நட்டார். அந்த மலைக்கு இன்றும் பாபா புதன்கிரி என்றுதான் பெயர். இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே போய் வணங்குகிறார்கள்.

ஏற்காட்டுக்கு எப்படி வந்தது?

இப்போது அந்த அம்மா கேட்ட முதல் கேள்விக்கு வருகிறோம். காபி நம் மலையில் தானாக முளைத்தது இல்லை. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். அவர்தான் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்து நட்டார். பேரிக்காய், ஆப்பிள் போன்ற பழமரங்களையும் அவரே கொண்டுவந்தார். அவருடைய 'கிரேஞ்ச்' தோட்டத்தின் பெயர் இன்றும் ஏற்காட்டில் வழங்குகிறது.

அதற்கு முன்பு இந்த மலையில் என்ன விளைந்தது? சாமை, தினை, கேழ்வரகு. மலையாளிப் பழங்குடி மக்களின் சாப்பாடு அதுதான். காபி வந்த பிறகு ஒவ்வொரு சரிவாக எஸ்டேட் ஆனது. காபிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று சில்வர் ஓக் மரம் வைத்தார்கள். மரத்தில் மிளகுக் கொடி ஏறியது. இன்று மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகள் 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வந்து "என்ன அழகு!" என்று பார்க்கிற காட்சி, இருநூறு ஆண்டுகளில் மனிதர்கள் கையால் உண்டாக்கியது.

புத்தகத்தில் கலெக்டர் பெயர் இருக்கிறது. தோட்ட முதலாளிகள் பெயர் இருக்கிறது. குழி வெட்டியவர், நாற்றுச் சுமந்தவர், களை எடுத்தவர் பெயர் எதிலும் இல்லை. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்களாக இருந்திருந்தாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம்.

இலைத் துரு தந்த பாடம்

காபி இலையின் அடிப்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொடி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் தொட்டால் ஒட்டும். அதுதான் இலைத் துரு நோய். இந்தப் பொடி ஒரு தேசத்தின் விவசாயத்தையே மாற்றியது தெரியுமா?

இலங்கையில் அன்று தேயிலை கிடையாது, காபிதான். அங்கே காபித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். கடலைத் தாண்டி, காட்டு வழியே நடந்தே மலைக்குப் போனார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே பலர் இறந்தார்கள். 1869-ல் அங்கே இலைத் துரு நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகக் காபி அழிந்தது. அதன் பிறகுதான் இலங்கையில் தேயிலை பரவியது. இன்று 'சிலோன் டீ' என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருப்பதற்குப் பின்னால் செத்துப்போன காபிச் செடிகள் இருக்கின்றன.

நோய் நம் பக்கமும் வந்தது. ஆனால் காபி இங்கே தப்பித்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கிற போர்டோ கலவையும், நோயைத் தாங்கும் புது ரகங்களும் கைகொடுத்தன. ஒரே பயிரை மட்டும் நம்பினால் ஒரு பூஞ்சைக் காளான் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்பதற்கு இலங்கை ஒரு பாடம். காபியோடு மிளகும், பலாவும், ஆரஞ்சும் வைத்திருக்கிற சகோதரிகள் புத்திசாலிகள்!

ஒரு டம்ளருக்கு எத்தனை பழம்?

இது நம்மில் பலருக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் கணக்கோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் காபி பூக்கும். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, மலை முழுக்க வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பூவிலிருந்து பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். பிறகு பறிப்பு. எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். பச்சையை விட்டுச் சிவப்பை மட்டும் எடுக்க வேண்டும். பச்சைக் காய் கலந்தால் காபியின் ருசி கெடும். ஆக, காபியின் தரம் முதலில் முடிவாவது பறிக்கிறவர் விரலில்தான்.

பறித்த பழத்தை இரண்டு விதமாகப் பக்குவம் செய்கிறார்கள். அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோலை நீக்கி, வழவழப்புப் போக ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால் அது 'பார்ச்மெண்ட்'. பழத்தை அப்படியே தோலோடு வெயிலில் காயவைத்தால் அது 'செர்ரி'. நன்றாகத் தயாரித்த பார்ச்மெண்டுக்கு விலை கூடக் கிடைக்கும்.

இப்போது கணக்கு. சுமார் 6 கிலோ பழம் பறித்தால் 1 கிலோ காபிக் கொட்டை கிடைக்கும். அதை வறுக்கும்போது எடை குறைந்து 800 கிராம் சொச்சம் ஆகும். ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் 80 டம்ளர். அப்படியானால் ஒரு டம்ளர் காபிக்கு 75 கிராம் பழம், அதாவது ஏறக்குறைய 40, 50 பழங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையால் பறித்தது. அடுத்த முறை டம்ளரில் மீதி வைத்துக் கீழே ஊற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்!

இதோடு இன்னொன்று. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 2019-ல் வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்வோம்.

பிரேசிலில் பனி பெய்தால் நமக்கென்ன?

"போன வருசம் ஒரு வெல, இந்த வருசம் ஒரு வெல, யாரு வெக்கிறாங்க இந்த வெலய?" என்று பல கூட்டங்களில் கேட்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் காபி விளைவது தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டில். உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்குதான். ஆகவே அங்கே விளைச்சல் குறைந்தால் உலகம் முழுக்க விலை ஏறும், கூடினால் இறங்கும். 1975 ஜூலையில் பிரேசிலில் கடும் பனி விழுந்து காபித் தோட்டங்கள் கருகின. உலகச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. 2025 பிப்ரவரியிலும் அப்படித்தான். பிரேசில் வறட்சியைக் காரணம் காட்டி, அரபிகா விலை நியூயார்க் சந்தையில் அதுவரை இல்லாத உயரத்தைத் தொட்டது.

முன்பு நம் நாட்டில் விளைந்த காபியைக் காபி வாரியம்தான் வாங்கி விற்றது. இந்த வாரியம் 1942-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. 1990களில் அந்த முறை படிப்படியாக மாறி, 1996 முதல் விவசாயிகள் தாங்களே விற்கிறார்கள். இப்போது வாரியம் ஆராய்ச்சி, பயிற்சி, சந்தைத் தகவல் ஆகியவற்றைக் கவனிக்கிறது. விலை பெரும்பாலும் 50 கிலோ மூட்டைக் கணக்கில் சொல்லப்படும். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சகோதரிகள் வியாபாரி சொன்ன விலைக்கே தலையாட்டாமல், அன்றைய விலையைப் போனில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இந்தியாவில் காபி விவசாயிகளில் நூற்றுக்கு 98 பேர் சிறு விவசாயிகள்தான். நாம் தனி ஆள் இல்லை.

காபியும் பெண்களும்

1674-ம் ஆண்டு. லண்டன் நகரில் ஒரு துண்டுப் புத்தகம் வெளிவந்தது. பெயர், 'காபிக்கு எதிராகப் பெண்களின் விண்ணப்பம்'. எங்கள் புருஷன்மார் எந்நேரமும் காபிக் கடையிலேயே கிடக்கிறார்கள், வீட்டுக்கு உதவாதவர்களாக ஆகிவிட்டார்கள் என்று அதில் கேலியும் புலம்பலுமாக எழுதியிருந்தார்கள். அந்தக் காபிக் கடைகளில் உட்கார்ந்து பேச அன்று பெண்களுக்கு இடம் இல்லை. அடுத்த ஆண்டே, 1675-ல், அந்த நாட்டு ராஜா காபிக் கடைகளையெல்லாம் மூட உத்தரவு போட்டார். அவருக்குப் பெண்கள் கவலை ஒன்றும் இல்லை. கடையில் உட்கார்ந்து ஜனங்கள் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்ற பயம்! எதிர்ப்பு பலமாக இருந்ததால் சில நாட்களிலேயே உத்தரவை வாபஸ் வாங்கினார். நாலு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பேசினால் ராஜாவுக்கே பயம் வந்திருக்கிறது, பாருங்கள்.

தமிழ்நாட்டிலும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு காபி பெரிய விவகாரமாக இருந்தது. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். 2000-ல் வெளிவந்தது. காலையில் பழைய சோறும் நீராகாரமும் சாப்பிட்ட ஜனங்கள் காபிக்கு மாறிவிட்டார்களே என்று அன்று பலர் வருத்தப்பட்டதையும், காபி ஓட்டல்களில் சாதி பார்த்து இடம் ஒதுக்கியதையும் அதில் படிக்கலாம்.

டம்ளரில் சாதி பார்ப்பது 1955-ம் ஆண்டு முதல் சட்டப்படி குற்றம். ஆனாலும் தனிக் குவளை வைத்த கடைகளைப் பற்றிப் பிறகும் எத்தனையோ செய்திகள் வந்தன. நம் குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே மாதிரி டம்ளரில் குடிக்கிறோம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சின்ன விஷயம் இல்லை.

நோட்டுத் தாளில் பிறந்த கம்பெனி

ஜெர்மனி நாட்டில் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்று ஒரு குடும்பப் பெண். அவர் காபி போட்டால் டம்ளர் அடியில் மண்டி தங்கிவிடும், கசக்கும். நம் வீட்டுச் சமாசாரம் போலத்தான். ஒருநாள் அவர் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டார். மகனுடைய பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து அதன் மேல் வைத்தார். தூளைப் போட்டுக் கொதி தண்ணீர் ஊற்றினார். மண்டி இல்லாத தெளிவான காபி சொட்டுச் சொட்டாக இறங்கியது!

அதோடு அவர் நிற்கவில்லை. 1908-ல் தன் கண்டுபிடிப்பை அரசாங்கத்தில் முறைப்படி பதிவு செய்தார். அதே ஆண்டு கம்பெனி தொடங்கினார். போட்ட முதல் ஒரு மார்க்குக்கும் குறைவு. மார்க் என்பது அன்றைய ஜெர்மனி ரூபாய். கணவரும் பிள்ளைகளும் உதவினார்கள். 1909-ல் லைப்சிக் நகரச் சந்தையில் 1,200 வடிகட்டிக்கு மேல் விற்றார். பின்னாளில் தன்னிடம் வேலை செய்தவர்களுக்குப் போனஸும் கூடுதல் விடுமுறையும் கொடுத்தார். அவர் பெயரில் அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது. குழு ஆரம்பித்த புதிதில் நாம் போட்ட சேமிப்பை நினைத்துப் பாருங்கள். சின்ன முதல் என்று யாராவது சொன்னால் மெலிட்டா கதையைச் சொல்லுங்கள்.

காபிப் பானைக்கு ஒரு கேமரா

இது இணையத்தில் தேடும்போது கிடைத்த வேடிக்கையான செய்தி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஒரு காபிப் பானை. தூரத்து அறையிலிருந்து நடந்து போனால் பானை காலியாக இருக்கும். வெறுத்துப்போய் 1991-ல் பானைக்கு எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். தங்கள் கம்ப்யூட்டரிலேயே பானையில் காபி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். 1993-ல் அந்தப் படத்தை இணையத்தில் விட்டார்கள். ஒரு காபிப் பானையை உலகமே பார்த்தது! 2001-ல் கேமராவை நிறுத்திவிட்டுப் பானையை ஏலம் விட்டார்கள். 3,350 பவுனுக்குப் போனது. இங்கே பவுன் என்றால் தங்கம் இல்லை, இங்கிலாந்துப் பணம். இன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் போனில் பார்த்துப் பேசுகிறோமே, அந்த வழியில் வந்த ஆரம்ப காலப் பொருள்களில் இந்தப் பானையும் ஒன்று.

பொட்டலத்தில் இருப்பது காபிதானா?

சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். அதைக் காயவைத்து வறுத்து அரைத்தால் காபி மாதிரியே நிறம் வரும். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு போரினால் ஐரோப்பாவில் காபி கிடைக்காமல் போனபோது இதைக் கலந்து குடிக்கப் பழகினார்கள். சிக்கரி கலப்பது குற்றமில்லை. திக்காக, கறுப்பாக இருக்கும் என்று பலர் விரும்பியே வாங்குகிறார்கள். ஆனால் காபி, சிக்கரி கலவை என்று விற்றால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எவ்வளவு என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு எளிய வழி:

1. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுங்கள்.
2. ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். கலக்க வேண்டாம்.
3. காபித் தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்பு நிறக் கோடு போட்டுக்கொண்டு அடியில் இறங்கும்.
4. இன்னொரு டம்ளரில் அரை ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி 5 நிமிடம் வையுங்கள். அடியில் மண் தங்கினால் அந்தத் தூள் வேண்டாம்.

இன்ஸ்டன்ட் காபிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது முழுவதும் கரைந்துவிடும்.

நாங்கள் போன கூட்டத்திலேயே இதைச் செய்து பார்த்தோம். சந்தையில் விலை மலிவாக வாங்கிய தூள், பெயர் எதுவும் அச்சிடாத பொட்டலம். தூவிய உடனே பாதிக்கு மேல் தடதடவென்று இறங்கிவிட்டது. "அய்யோ, இத்தன நாளா இதையா குடிச்சோம்!" என்று எல்லோரும் வாயில் கை வைத்தார்கள்.

சாப்பாட்டோடு காபி வேண்டாம்

இதைக் கட்டாயம் எல்லோரும் கேட்க வேண்டும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாம் சாப்பிடும் கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேரவிடாமல் காபியும் டீயும் தடுக்கும். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்று 2024-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கவே கூடாது. தண்ணீரோடு போடுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் காபியை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் பலகாரம் செய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் ஒரு டம்ளர் காபியோடு பறிப்புக்குக் கிளம்புகிற சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். காபி பசியை மறக்கடிக்கும், பசியை ஆற்றாது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்

"நாம பறிக்கிற காபியத்தான் நாம குடிக்கிறமா?"

பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் விளையும் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறது. நம் மலைக் காபிக்கு 'சேர்வராய்ஸ்' என்று சந்தையில் தனிப் பெயரே உண்டு. அது போகிற ஊருக்கு நாம் போனதில்லை. நாம் வாங்குவது எங்கெங்கோ விளைந்து எங்கேயோ கலந்து வந்த பொட்டலம்.

எஸ்டேட் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சொந்தமாக நாலு செடி வைத்திருப்பவர்கள், எல்லாவற்றையும் விற்றுவிடாமல் வீட்டுக்கு 2, 3 கிலோ செர்ரியை நிறுத்தி வைக்கலாம். மண்ணில் போடாமல் பாயிலோ தார்ப்பாயிலோ காயவையுங்கள். பழத்தைக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். உரலில் இடித்து, முறத்தில் புடைத்து எடுங்கள். அடி கனமான இரும்புச் சட்டியில் மிதமான தீயில் கை விடாமல் வறுங்கள். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு படபடவென்று வெடிக்கும் சத்தம். நல்ல பழுப்பு வந்ததும் உடனே இறக்கி, முறத்தில் கொட்டி ஆறவைத்து, அரையுங்கள். கருகவிட்டால் கசப்புதான் மிஞ்சும்.

இதையே குழுத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க வேண்டும். இயந்திரம் வாங்குவதற்கு முன்பு, கொட்டை எங்கே கிடைக்கும், மாதம் எத்தனை கிலோ விற்கும் என்று கணக்குப் பாருங்கள். பயிற்சி பற்றி ஏற்காட்டில் உள்ள காபி வாரிய அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இந்த மாதம் மறுபடி அதே கூட்டத்துக்குப் போனோம். ஓர் உறுப்பினர் தன் வீட்டுச் செடியின் காபியை வறுத்து அரைத்துக் கொண்டுவந்திருந்தார். முதலில் தண்ணீரில் தூவினோம். மிதந்தது! அதிலேயே எல்லோருக்கும் காபி போட்டார்கள். அந்த மூத்த உறுப்பினர் மெதுவாக ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்குது. இவ்ளோ நாளும் இதத்தான் மூட்ட கட்டி அனுப்பிட்டு இருந்தமா?" என்றார்.

சகோதரிகளே, உங்கள் குழுவில் அடுத்த காபி நேரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். தூளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ரத்தத்தின் அளவை யார் யார் சோதித்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சொந்தச் செடி யாரிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். வந்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள். காபி நாங்கள் போடுகிறோம்!